நீலமாய் மாறிய கஞ்சித்தண்ணீர்

நீங்கள் எல்லாரும் இப்போது பிக்கரிங்கிலும் யூனியன்வில்லிலும் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். கலியாண வீட்டில் என்னைக் கண்டால் மட்டும் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "எடியே ஆமை! நீயோடி இந்தக் கதை கதைக்கிறாய்?" என்று வியக்கிறீர்கள். நானேதான். ஐம்பது வயது வாசலில் வந்து நிற்கிறது, வாய் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஸ்காபரோவில் அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தில் நாமெல்லாம் ஒன்றாகக் குடியிருந்தபோது, ஒரு வருடம் முழுக்க நான் வாய் திறக்கவில்லை, ஓடவில்லை, கீழே விளையாட வரவில்லை. அப்போது நீங்கள் வைத்த பட்டம்தான் ஆமை. பட்டத்தில் பிழையில்லை, நான் அப்படித்தான் இருந்தேன். ஏன் அப்படி இருந்தேன் என்று உங்களில் ஒருத்தி கேட்டாளா? கேட்கவில்லை. பரவாயில்லை, கேட்காமலே சொல்கிறேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. அம்மாவும் நாங்களும் யாழ்ப்பாணத்தில் இருந்து அப்பாவிடம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதினோராம் மாடியில் ஒரு அறை வீடு. ஹோலில் மெத்தை போட்டு நானும் தம்பியும் படுப்போம்.

கதை உப்பில் தொடங்குகிறது. அம்மா ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயன ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். டீச்சர் இல்லை, டீச்சருக்குப் போத்தல் எடுத்துக் கொடுக்கிறவர். ஆனால் எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது, எது கையைச் சுடும், எது கண்ணைக் கெடுக்கும் என்பதெல்லாம் டீச்சரை விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கனடாவுக்கு வந்த முதல் கிழமை, அப்பா வாங்கி வைத்திருந்த தூள் உப்புப் பெட்டியைத் திருப்பி, அதில் சின்ன எழுத்தில் இருந்ததை வாசித்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் பேச வராது. இரசாயனப் பெயர் மட்டும் எந்த மொழியில் இருந்தாலும் வாசிப்பார்.

"பொட்டாசியம் அயடைட்டாம். இஞ்சருங்கோ, இது அயடீனெல்லோ? எங்கட ஆய்வுகூடத்தில மண்டையோடு கீறின அலுமாரிக்குள்ள பூட்டி வைக்கிற சாமான். உதைப் போய் ஆரும் சோத்தில போடுவினமே?"

"இஞ்ச எல்லாரும் போட்டுத்தானே தின்னினம்," என்றார் அப்பா.

"அவையள் நாயோடையும் ஒரே கட்டில்ல படுக்கினம். நாங்களும் படுக்கிறதே?"

 பெட்டி குப்பைக்குள் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அம்மா கடை கடையாக ஏறி இறங்கி, ஊறுகாய் போடுகிறவர்களுக்கென்று விற்கிற கட்டியுப்பைக் கண்டுபிடித்தார். பெரிய கடதாசி மூட்டை. 'வேறெதுவும் சேர்க்கப்படவில்லை' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அம்மா ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, "இதெல்லோ உப்பு!" என்றார். ஒரு நீல நிற பிஸ்கட் தகரத்தில் அதைக் கொட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தத் தகரத்தின் மூடியில் பனியில் ஓடும் குதிரை வண்டிப் படம் இருந்தது. திறக்கும்போது 'ணங்' என்று ஒரு சத்தம் வரும். எந்த வீடு மாறும்போது அதைத் தொலைத்தோமோ தெரியாது, அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேட்கிறது. தான் கண்டுபிடித்ததைத் தனக்குள் வைத்திருக்கிற பழக்கமும் அம்மாவுக்கு இல்லை. "நல்ல சுத்தமான உப்பு, மருந்து மாயம் இல்லை" என்று சொல்லிச் சொல்லி, கட்டடத்தில் இன்னும் நான்கு வீடுகளுக்கு அந்த மூட்டையை வாங்க வைத்தார்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சைவம். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை கூட இல்லை. மலிவாகக் கிடைத்தது கோவா, அதுதான் முட்டைக்கோஸ். கோவா வறை, கோவாப் பால்கறி, கோவா போட்ட பருப்பு. ஒவ்வொரு நாளும் அம்மா எனக்கு ஒரு கிளாஸ் பால் தருவார். பால் மணத்தாலே எனக்குக் குமட்டும். அம்மா திரும்பும் நேரம் பார்த்து அதைச் சிங்குக்குள் ஊற்றிவிட்டு, மீசையில் பால் பூசிக்கொண்டு வருவேன். இதை நான் அம்மாவிடம் ஒப்புக்கொண்டது எனக்கு முப்பது வயதான பிறகுதான்.

இரண்டாவது குளிர்காலம் வந்தபோது எனக்கு என்னவோ நடக்கத் தொடங்கியது. நித்திரை. எந்த நேரமும் நித்திரை. பள்ளிக்கூடத்தில் மேசையில் தலையை வைத்தால் மணி அடித்தும் எழும்ப மாட்டேன். குளிர் எலும்புக்குள் இருந்தது. வீட்டுக்குள் ஹீட்டர் அடிக்க அடிக்க, அப்பாவின் பழைய பழுப்பு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன். அந்த ஜக்கெட்டில் அப்பா வேலை செய்த பேக்கரியின் மணம் இருக்கும். தோல் செதில் செதிலாக உரிந்தது. குரல் அடைத்து ஆம்பிளைக் குரல் மாதிரி ஆனது. யாராவது ஏதாவது கேட்டால், பதில் உள்ளே எங்கோ தூரத்தில் இருந்து நடந்து வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

கழுத்தும் பருத்தது. இதைக் கண்டு வீட்டுக்கு வந்த சனம் என்ன சொன்னது தெரியுமா? "கனடாத் தண்ணி பிள்ளைக்குப் பிடிச்சிட்டுது!" என்றது. "வரேக்க ஓணான் மாதிரிக் கிடந்தவள், இப்ப பாருங்கோ, கழுத்து நிரம்பி என்ன வடிவு! ஒரு சங்கிலி போட்டால் எடுப்பா இருக்கும்." அம்மா பூரித்துப் போனார். ஊரில் பங்கருக்குள் இருந்து பாணும் சம்பலும் தின்று மெலிந்த பிள்ளைக்கு உடம்பு வைத்தால் எந்தத் தாய்தான் பூரிக்காமல் இருப்பாள்? நானும் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் நான் சோர்ந்து சோர்ந்து விழுவது அம்மாவுக்கு உறுத்தியது. சனத்தின் கண்தான் பட்டது என்று நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு நாவூறு கழித்தார். கட்டியுப்பும் மூன்று செத்தல் மிளகாயும் கையில் பொத்தி, என் தலையைச் சுற்றி, மின்சார அடுப்பில் காய்ந்த தாச்சிக்குள் போட்டார். உப்பு வெடித்தது. மிளகாய் கருகி ஒரு புகை எழும்பியது பாருங்கள், நாலு பேருக்கும் இருமல், கண்ணீர். மேலே புகை அலாரம் கத்தத் தொடங்கியது. அப்பா கதிரையில் ஏறி அலாரத்தைப் பேப்பரால் விசுக்க, தம்பி சன்னலைத் திறக்க, கீழ்வீட்டு மனிசன் தடியால் முகட்டில் இடித்தான். அம்மா வெட்கத்தில் கூனிப்போனார். இருமல் அடங்கியதும் தீர்ப்புச் சொன்னார்.

"மிளகாய் இந்தக் காறல் காறினால் நாவூறு இல்லை. அப்ப இவளுக்கு உது வருத்தமில்லை, பஞ்சி."

பஞ்சி என்றால் சோம்பல். அன்றில் இருந்து வீட்டில் நான் பஞ்சிக்காரி, வெளியே ஆமை.

பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். மாசி மாதம் ஒரு கடதாசி தந்துவிட்டார்கள். அப்பா பேக்கரி வேலையால் வந்து, கையெழுத்துக் கேட்கும் எந்தக் கடதாசியையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற மனிதர். ஏதோ சுற்றுலா என்று நினைத்து இதிலும் வைத்தார். அது எனக்குச் சோதனை வைப்பதற்கான சம்மதம். சின்ன அறையில் ஒரு அம்மணி நிறுத்து கடிகாரத்தோடு இருந்தார். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கச் சொன்னார், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அன்பாகத்தான் சிரித்தார், ஆனால் எழுதிக்கொண்டே சிரித்தார்.

பங்குனிக் கடைசியில் கடிதம் வந்தது. வீட்டுக்கு வருகிற ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது எப்போதும் என் வேலை. என் கடிதத்தையும் நானே வாசித்தேன். புரட்டாதியில் இருந்து நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை, தூரத்தில் இன்னொரு பள்ளிக்கூடத்தில், மெல்லப் படிக்கிற பிள்ளைகளுக்கான வகுப்பு. கூட்டிப்போக மஞ்சள் நிறச் சின்ன பஸ் வரும். ஆனி மாதம் கூட்டம், அதில் முடிவு செய்வார்கள்.

அம்மா சோற்றுக் கோப்பையோடு அப்படியே நின்றார். ஊரில் கணக்கில் முதலாம் பிள்ளையாக வந்தவள் நான்.

"மொக்கு எண்டோ சொல்லுறாங்கள்?" என்றார்.

"ஓம் அம்மா," என்றேன். அதைச் சொல்வதற்கும் எனக்கு நேரம் எடுத்தது. அந்தப் பஸ்ஸை நினைத்து அழ வேண்டும் போல இருந்தது, அழக்கூடச் சோம்பலாக இருந்தது. அந்த அம்மணி எழுதியது உண்மைதான் என்றுதான் நான் நம்பினேன்.

இனி மூன்றாம் மாடி அன்ரியைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புக்காரி, வீட்டில் இருந்து சட்டை தைக்கிறவர். உங்கள் எல்லாருடைய அளவும் அவரின் கொப்பியில் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு மட்டைக் கொப்பி. ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு முறை தைக்கும்போதும் புது அளவை எடுத்துப் பழையதற்குக் கீழே எழுதுவார். சித்திரை வருடப்பிறப்புக்கு எனக்குக் கொலர் வைத்த சட்டை தைக்க அம்மா கூட்டிப்போனார். அன்ரி வாயில் குண்டூசியோடு அளந்தார். எழுதினார். தீபாவளிக்கு எடுத்த அளவைப் பார்த்தார். மறுபடியும் கழுத்தில் நாடாவை வைத்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"நெஞ்சு அப்படியே இரிக்கி. இடுப்பும் அப்படியே. கழுத்து மட்டும் ஒண்டேகால் இஞ்சி கூடியிரிக்கி."

"பிள்ளைக்கு உடம்பு வைக்குது," என்றார் அம்மா.

"உடம்பு வெச்சா எல்லா இடமும்தானே வெக்கும்? கழுத்து மட்டும் தனியா வளருமா?" அன்ரி எனக்கு ஒரு கிளாஸில் தண்ணீர் தந்தார். "மனே, இதக் குடிங்க பாப்பம்."

குடித்தேன். அன்ரி என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். விழுங்கும்போது உள்ளே ஏதோ ஏறி இறங்கியதை அவரின் கண்ணில் கண்டேன்.

"இது சதை இல்ல. கழலை. நாளைக்கே டொக்ரரிட்டக் காட்டுங்க."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. லிஃப்டில் ஏறியதும், "சட்டை தைக்கச் சொன்னால் வைத்தியம் பாக்கிறா!" என்று பொரிந்தார். ஆனால் அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு என்னை உடுப்பாட்டி, தம்பியையும் இழுத்துக்கொண்டு, டொக்ரரின் வாசலில் நின்றதும் அதே அம்மாதான்.

இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு டொக்ரரிடம் அனுப்பினார்கள். நரைத்த தலைமயிரைப் பின்னியிருந்த வெள்ளைக்காரப் பெண். வடக்கே, விமானம் மட்டும் போகிற ஊர்களில் பல வருடம் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவராம். கடதாசியைப் பார்க்கும் முன் என் கையைப் பிடித்துப் பார்த்தார். குளிர்ந்து கிடந்த என் விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டே, என்ன சாப்பிடுகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மீன்? இல்லை. முட்டை? இல்லை. பால்? அம்மா, "ஓம், ஒவ்வொரு நாளும்" என்றார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன், பாவி.

"என்ன உப்பு?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. நல்ல கேள்வி கேட்கிற டொக்ரர் என்று நினைத்திருப்பார். தூள் உப்பில் அயடீன் கலக்கிறார்கள், அதனால் தான் மிகக் கவனமாகத் தேடி, ஒன்றும் கலக்காத உப்பைத்தான் பிள்ளைகளுக்குப் போடுவதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். டொக்ரர் பேனையைக் கீழே வைத்தார்.

பிறகு மெதுவாக விளக்கினார். இந்தப் பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள நிலம் கடலுக்குத் தூரம். பனிப்பாறை உருகிக் கழுவிக்கொண்டு போன மண், அயடீன் மிகக் குறைவு. முந்தி ஒரு காலத்தில் இங்கே பிள்ளைகளுக்குக் கழுத்து வீங்குவது சாதாரணம். அதனால்தான் உப்பில் கலந்தார்கள். மீன், முட்டை, பாலிலும் அது உண்டு. அது குறைந்தால் கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி, எப்படியாவது வேலை செய்யப் பார்த்துப் பார்த்து வீங்கும். உடம்பும் மூளையும் மெதுவாகும். அதோடு தினமும் கோவா. கோவா கெட்ட சாமான் இல்லை, ஆனால் அயடீன் இல்லாத உடம்புக்கு அது இன்னும் இடைஞ்சல்.

"அது நஞ்செல்லோ?" என்றார் அம்மா.

போத்தல் கணக்கில் நஞ்சுதான் என்றார் டொக்ரர். பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது குண்டூசி முனையில் நிற்கிற அளவுக்கும் குறைவு. அந்தத் துளி இல்லாமல் பிள்ளை வளராது.

அம்மா தம்பியைக் காட்டினார். "அப்ப இவன்? இவனும் இதே சோறுதானே தின்னுறான்? இவன் குரங்கு மாதிரிப் பாயுறான்."

தம்பி நிலத்தைப் பார்த்தான். காலால் கதிரையை உதைத்தான். "நான் ஒண்டு சொல்லட்டே? அடிக்கக் கூடாது."

பள்ளிக்கூடத்தில் சிநேகிதன் ஒருவனோடு ஒவ்வொரு நாளும் சாப்பாடு மாற்றுகிறானாம். இவனின் இடியப்பம் அவனுக்கு, அவனின் மீன் சாண்ட்விச்சும் பாலும் இவனுக்கு. இரண்டு வருடமாக! வீட்டுச் சோற்றோடு நின்ற எனக்குக் கழுத்து வீங்கிற்று, கள்ளமாக மீன் தின்ற கள்ளன் கொழுத்துத் திரிந்தான். நான் மொழிபெயர்த்ததும் டொக்ரர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, அடிக்கவும் இல்லை.

சில மாதத்துக்கு ஒரு குளிசையும், சாப்பாட்டுக்குத் தூள் உப்பும் என்று சொல்லி அனுப்பினார் டொக்ரர். கழுத்துக் கெதியாக வற்றும், மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கடிதம் தந்தார்.

வீட்டுக்கு வந்த அம்மா உடுப்புக் கூட மாற்றவில்லை. மூன்றாம் மாடி அன்ரியிடம் ஒரு கரண்டி தூள் உப்பு வாங்கிவரத் தம்பியை அனுப்பினார். கடையில் காயம் கழுவுகிற பெரொக்சைட் போத்தல் ஒன்று வாங்கினார். சோற்றுக் கஞ்சி வடித்தார். இரண்டு கிளாஸில் கஞ்சித்தண்ணி ஊற்றி, ஒன்றில் எங்கள் கட்டியுப்பைக் கரைத்தார், மற்றதில் அன்ரியின் தூள் உப்பை. இரண்டிலும் கொஞ்சம் வினாகிரி, கொஞ்சம் பெரொக்சைட். அயடீன் இருந்தால் கஞ்சி நீலமாகும், அது அம்மாவுக்கு ஆய்வுகூடத்துப் பழைய பாடம். முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை, கஞ்சி தடிப்பு. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை, அன்ரியின் உப்பு விட்ட கிளாஸ் மெல்ல மெல்ல நாவல்பழச் சாறு பட்டதுபோல நீலமாகியது. எங்கள் கிளாஸ் வெள்ளையாகவே இருந்தது. அம்மா காத்திருந்தார். இன்னும் உப்புப் போட்டுப் பார்த்தார். வெள்ளைதான்.

அம்மா குசினி நிலத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "போத்தல் போத்தலாய் எடுத்துக் குடுத்த எனக்குத் தெரியாமல் போச்சே! என்ரை கையால என்ரை பிள்ளையை இப்பிடி ஆக்கிப்போட்டனே! பஞ்சி எண்டு ஏசினனே!"

நான் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கு அம்மாமேல் கோபமே வரவில்லை. உண்மையைச் சொன்னால், மார்புக்குள் ஒரு பெரிய சந்தோஷம். நான் மொக்கு இல்லை. இந்த வெள்ளைக் கிளாஸ்தான் மொக்கு.

அடுத்த நாள் அம்மா நான்கு வீட்டுக் கதவையும் தட்டினார். தான் வாங்க வைத்த மூட்டைகளைத் தானே திருப்பி எடுக்க வந்ததாகச் சொன்னார். ஒரு வீட்டில், "போன வருசம் தூள் உப்பு நஞ்சு எண்டனீங்கள், இப்ப கட்டியுப்பு நஞ்சே?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அம்மா கிளாஸை எடுத்து அங்கேயே செய்து காட்டினார். அதற்குப் பிறகு உங்கள் வீடுகளுக்கும் வந்தாரே, கையில் கஞ்சிப் போத்தலோடு? நீங்கள் 'உப்பு அன்ரி' என்று சிரித்தீர்களே? அதுதான் சங்கதி. எல்லா மூட்டையும் எங்கள் பல்கனியில் அடுக்கிக் கிடந்தது.

ஆனி மாதக் கூட்டம். நீள மேசை. அதிபர், என் வகுப்பாசிரியை, சோதனை வைத்த அம்மணி, இன்னும் இரண்டு பேர். அப்பா கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட் சூட்டோடு வந்திருந்தார். அம்மா சேலையோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவர்கள் தொடங்க முன்னமே அம்மா பையிலிருந்து இரண்டு கிளாஸ், கஞ்சிப் போத்தல், வினாகிரி, பெரொக்சைட் எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினார். எனக்கு மேசைக்குக் கீழே பூர வேண்டும் போல் இருந்தது.

அதிபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டினார். "வன் மினிட், பிளீஸ்."

கலந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடியது. அப்பா தொண்டையைச் செருமினார். அந்த அம்மணி தன் பேனையை எடுத்தார்.  அம்மா மட்டும் அசையவில்லை. ஆய்வுகூடத்தில் எத்தனை நூறு முறை இப்படிக் காத்திருந்திருப்பார்! அப்போது ஒரு கிளாஸின் அடியில் மங்கலாக ஒரு நிறம் கிளம்பி, மேலே மேலே வந்து, முழுக்க நீலமாகியது.

வகுப்பாசிரியை, "ஓ!" என்றார்.

அம்மா எழும்பி நின்றார். இரவிரவாகப் பாடமாக்கிய ஆங்கிலம். நீலக் கிளாஸைத் தொட்டு, "திஸ் சோல்ட், யுவர் சில்ட்ரன் ஈட்," என்றார். வெள்ளைக் கிளாஸைத் தொட்டு, "திஸ் சோல்ட், மை டோட்டர் ஈட். டூ இயர்ஸ்." பிறகு கையைத் தன் நெஞ்சில் வைத்தார். "மை மிஸ்டேக். நொட் மை டோட்டர்."

 அம்மா டொக்ரரின் கடிதத்தைப் பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அதற்குப் பிறகுதான். கடிதத்தை முதலே கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பிறகு கேட்டதற்கு, "கடிதம் டொக்ரர் எழுதினது. பிழை விட்டது நானெல்லோ, நான்தானே சொல்ல வேணும்?" என்றார்.

முடிவைத் தள்ளி வைத்தார்கள். கார்த்திகையில் மறுபடி சோதனை. அதுவரை நான் என் வகுப்பிலேயே இருக்கலாம். ஆனால் அதிலும் இப்படித்தான் என்றால், சின்ன பஸ்தான்.

அந்தக் கோடையில் நான் கண்விழித்தேன். அதை வேறு எப்படிச் சொல்வது? ஒரு நாள் காலை அப்பாவின் ஜக்கெட்டுக்குள் எனக்கு வேர்த்தது, கழற்றி எறிந்தேன். ஒரு நாள் பசி வந்தது. ஒரு நாள் தம்பி என் றப்பரை எடுத்துக்கொண்டு ஓட, நான் துரத்திப் பிடித்து முதுகில் போட்டேன். அவன் அழுதுகொண்டு போய் அம்மாவிடம் முறையிட, அம்மா, "மெய்யே? அக்கா ஓடிப் பிடிச்சவளே? அடிச்சவளே?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பாவம் அவன். குரல் திறந்தது. திறந்த வாய் இன்னும் மூடவில்லை. மூன்றாம் மாடி அன்ரி மாதத்துக்கு ஒரு முறை என் கழுத்தை அளந்து கொப்பியில் எழுதினார். அளவு இறங்க இறங்க, அதே கொலர் சட்டையை மூன்று முறை பிரித்துத் தைத்துத் தந்தார்.

கார்த்திகை வந்தது. அதே சின்ன அறை, அதே அம்மணி, அதே நிறுத்து கடிகாரம். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக் கண்டதும் எனக்கு ஒரு வெறி வந்தது. அடுக்கினேன். அடுத்தது கேட்டேன். எண்களைப் பின்னாலிருந்து சொன்னேன். ஒரு கேள்வியில், இதற்கு இரண்டு விடை சரி வரும், எது வேண்டும் என்று அந்த அம்மணியோடு வாதாடினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஆனால் முடிவைச் சொல்லவில்லை. கடிதம் வரும் என்றார்.

மார்கழி முதல் கிழமை. வெளியே பனி கொட்டியிருந்தது. அப்பாவும் கட்டடம் பார்க்கிற மனிசனும் எங்கள் பல்கனி மூட்டைகளை இறக்கி, வாசல் படிகளில் கட்டியுப்பைத் தூவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வாசலில் ஒருவரும் வழுக்கி விழவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். கடிதம் இருந்தது. அங்கேயே நின்று கிழித்து வாசித்தேன். இரண்டு முறை வாசித்தேன்.

லிஃப்ட் நிரம்பியிருந்தது. உங்களில் மூன்று பேர் அதற்குள் நின்றீர்கள். யார் யாரென்று சொல்லவா? வேண்டாம், உங்களுக்கே தெரியும். "ஆமை, அடுத்த லிஃப்டில வா!" என்று சொல்லிக் கதவை மூடினீர்கள்.

நான் படிக்கட்டுக் கதவைத் தள்ளினேன். ஓடினேன். மூன்றாம் மாடியில் அன்ரியின் தையல் மெஷின் சத்தம் கேட்டது. ஐந்தாம் மாடியில் யாரோ கருவாடு பொரித்தார்கள். எட்டாம் மாடியில் மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. பதினோராம் மாடிக் கதவை உதைத்துத் திறந்து, லிஃப்ட் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றேன். மாடி மாடியாக நின்று நின்று வந்த லிஃப்ட் அப்போதுதான் திறந்தது. உங்கள் மூன்று பேரின் முகமும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஆமை என்று கூப்பிட்டது கலியாண வீடுகளில் மட்டும்தான்.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "என்னடி? என்ன எழுதியிருக்கிறாங்கள்?"

"நான் என்ரை வகுப்பிலதான். பஸ் இல்லை. கணக்குக்கு மேல் வகுப்போட இருந்து படிக்கட்டாம்!"

அம்மா கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தானே வாசித்தார். பிறகு பிஸ்கட் தகரத்தைத் திறந்தார். அதற்குள் கடைசியாக ஒரு பிடி கட்டியுப்பு இருந்தது.

"ஐயோ அம்மா, அதைச் சமைக்கப் போறீங்களே?"

"விசரே எனக்கு? இது தின்னுற உப்பில்லை. சுத்திப் போடுற உப்பு. இண்டைக்குப் பாக்கிற கண்ணெல்லாம் உன்னிலதான் படும்."

அப்பா மேலே வந்து உடுப்பு மாற்றிச் சாரம் கட்டியதும், அம்மா உப்பையும் மிளகாயையும் என் தலையைச் சுற்றித் தாச்சிக்குள் போட்டார். வெடித்தது. புகை எழும்பியது. நாலு பேரும் இருமினோம். நாலு பேருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடியது, அது மிளகாயால் மட்டும் இல்லை. தலைக்கு மேல் அலாரம் கத்தத் தொடங்கியது. கீழ்வீட்டு மனிசன் தடியால் இடிக்க, அப்பா பேப்பரோடு கதிரையில் ஏறினார்.

அம்மா அவரின் சாரத்தைப் பிடித்து இழுத்தார்.

"இறங்குங்கோ. அடிக்கட்டும், விடுங்கோ. பதினாலு மாடிக்கும் கேக்கட்டும்."